இங்கிலாந்தில் அசைலம் கேட்டால் என்னென்ன நடக்கும்?

யாழ்ப்பாணத்திலிருந்து லண்டன் வந்திருக்கும் தம்பி அசைலம் (அகதியாக அடைக்கலம்) கேட்கப் போகிறான், எதற்குத் தயாராக வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். நானும் அந்த வழியால் வந்தவன்தான். பிறகு ஊராட்கள் பலரோடு லோயரிடம் போய் வந்திருக்கிறேன்.

முதல் இன்டர்வியூவைச் சின்ன விஷயமாக நினைக்கவே வேண்டாம். நாட்டுக்குள் வந்தபின் கேட்பவர்களைப் பெரும்பாலும் குரொய்டனில் இருக்கும் ஹோம் ஆபிஸ் (உள்துறை அமைச்சு) அலுவலகமான லூனர் ஹவுசுக்குக் கூப்பிடுவார்கள். படமும் கைரேகையும் எடுப்பார்கள். வந்த பாதை என்ன, ஏன் திரும்பிப் போக முடியாது என்று சுருக்கமாகக் கேட்பார்கள். ஆனால் மாதக்கணக்கில் காத்திருந்து பெரிய இன்டர்வியூவுக்குப் போகும்போது அந்தப் பதில்கள் அதிகாரியின் முன்னால் இருக்கும். அன்று "ஒருமுறை பிடித்தார்கள்" என்றுவிட்டு, பிறகு இரண்டுமுறை என்றால் அதைத்தான் பிடித்துக்கொள்வார்கள். ஆகவே சுருக்கமாகச் சொன்னாலும் கைது, தடுப்பு, சித்திரவதை, புலிகள் இயக்கத் தொடர்பு எதையும் விடாமல் தொட்டுச் சொல்லட்டும். மொழிபெயர்ப்பாளர் பேசுவது விளங்காவிட்டால் அந்த இடத்திலேயே சொல்ல வேண்டும்.

அப்புறம் திகதிகள். எங்கள் சனத்துக்கு "நல்லூர்க் கொடியேற்றத்துக்கு அடுத்த கிழமை" என்றுதான் ஞாபகம் இருக்கும். அப்படியே சொல்லலாம். தெரியாததைத் தெரியாது என்பதில் குறையில்லை. யாரோ சொல்லிக்கொடுத்த திகதிதான் கேஸை உடைக்கும். ஏஜென்ட் எழுதித் தரும் கதையைத் தொடவே வேண்டாம். 2022 ஜூன் 28 முதல் கேட்பவர்களுக்குச் சட்டம் இன்னும் இறுகிவிட்டது. தனக்கு நடந்ததாகச் சொல்வது நடக்காமல் இருந்ததைவிட நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்ட வேண்டும்.

உடம்பில் தழும்பு இருந்தால் லோயரிடம் முதல் நாளே காட்டச் சொல்லுங்கள். கேவி என்ற எழுத்துகளால் மட்டும் அறியப்படும் இலங்கைத் தமிழர் ஒருவருக்கு முதுகிலும் கையிலும் சூட்டுத் தழும்புகள். அவரே சம்மதித்து ஆள் வைத்துப் போட்டுக்கொண்டார் என்று தீர்ப்பாயம் தள்ளிவிட்டது. எவ்வளவு கொடுமை! 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கைத் திரும்ப விசாரிக்கச் சொன்னது. தழும்பும் அவர் சொல்லும் சம்பவமும் எவ்வளவு பொருந்துகின்றன என்று மருத்துவர் கருத்துச் சொல்லலாம் என்பதையும் உறுதிசெய்தது. அந்த மருத்துவ அறிக்கைதான் பல கேஸுகளைத் தாங்கி நிற்கிறது. ஃப்ரீடம் ஃப்ரம் டார்ச்சர், ஹெலன் பாம்பர் ஃபவுண்டேஷன் போன்ற அமைப்புகள் எழுதித் தருகின்றன. ஆனால் நேரம் எடுக்கும், அதனால்தான் முதல் நாளே என்கிறேன்.

காத்திருக்கும் காலம் கஷ்டம்தான். கையில் காசில்லாவிட்டால் தங்க இடமும் வாராந்தம் சிறு தொகையும் கிடைக்கும், ஆனால் எந்த ஊர் என்பது நம் கையில் இல்லை. வேலை செய்ய முடியாது. ஒரு வருடம் தாண்டினால் சில தொழில்களுக்கு மட்டும் அனுமதி கேட்கலாம். லோயரிடம் லீகல் எய்டில் (அரசு செலவில் சட்ட உதவி) கேஸை எடுப்பீர்களா என்று முதலிலேயே கேளுங்கள். எடுத்தால் காசு கொடுக்கத் தேவையில்லை.

ரிஜெக்ட் ஆனால் அப்பீலுக்கு 14 நாள். கடிதம் கைக்கு வந்த நாளிலிருந்து அல்ல, அவர்கள் அனுப்பிய நாளிலிருந்து எண்ண வேண்டும். தம்பி வீடு மாறினால் புது விலாசத்தை ஹோம் ஆபிசுக்கும் லோயருக்கும் உடனே கொடுக்கச் சொல்லுங்கள்.