காதுக்குப் பின்னாடி மாட்டுற மெஷின்: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல காது மெஷின் பத்தி நாலு வரி பதில் போட்டோம், அதுக்கு வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல ஒரே புலம்பல்தான். காசு போட்டு வாங்கினோம், கொஞ்ச நாள் மாட்டினாங்க, இப்ப பீரோவுல கிடக்குது. அப்படிக் கிடக்குற மெஷின்ல நிறைய மெஷின் நல்லா வேலை செய்யும், செல்லோ, சத்தத்தைக் காதுக்குள்ள கொண்டு போற டியூப்போ, குறும்பியோதான் பிரச்சனையா இருக்கும், இல்லேன்னா ஆரம்பத்துல பழகிக்க ஆள் துணை இல்லாம விட்டிருப்பாங்க. அதனால இந்தப் பக்கம் முழுக்க அதுக்கே குடுத்துட்டோம். பேர் போட வேணாம்னு பலர் கேட்டதால ஊர் மட்டும் போட்டிருக்கோம்.

அப்பாவுக்கு 72 வயசு. மெஷின் மாட்டினா பாத்திரம் உருட்டுற சத்தம் மண்டைக்குள்ள இடிக்குதுங்கிறார், ஆனா நாங்க பேசுறது மட்டும் புரியலையாம். மெஷின் சரியில்லையா?
- வாசகி, விருதுநகர்

அவசரப்பட்டு மெஷின் மேல பழி போடாதீங்கம்மா. வயசானா காதுல முதல்ல போறது கீச்சுனு இருக்கிற மெல்லிய சத்தங்கள்தான், கனமான சத்தம் அவ்வளவு சீக்கிரம் போகாது. நம்ம பேச்சுல ஆ, ஓ மாதிரி உயிரெழுத்து சத்தம் கனமா வந்துடும், ஆனா ப, த, க, ச இதெல்லாம் ஒண்ணுக்கொண்ணு வித்தியாசம் தெரியுறதே அந்த மெல்லிய சத்தத்துலதான். அதனாலதான் பத்து, கத்து, சத்து எல்லாம் அவருக்கு ஒரே மாதிரி விழும். "சத்தம் கேக்குது, வார்த்தை புரியல"ன்னு பெரியவங்க சொல்றது சாக்கு இல்ல, நெஜமாவே அப்படித்தான் கேக்கும்.

மெஷின் இப்ப அந்த விட்டுப்போன சத்தத்தை எல்லாம் கூட்டிக் குடுக்குது, கூடவே ஃபேன் ஓடுறது, பேப்பர் புரட்டுறது, கரண்டி விழறதுன்னு வருஷக்கணக்கா கேக்காம இருந்த எல்லாமும் ஒண்ணா உள்ள வருது, எதை விடணும் எதைப் பிடிக்கணும்னு மூளை திரும்பப் பழகணும். அதுக்கு வாரக்கணக்கு ஆகும், சிலருக்கு ரெண்டு மூணு மாசமே ஆகும். முதல் நாளே காலையில மாட்டி ராத்திரி வரைக்கும் போட்டுக்கிட்டு இருக்கணும்னு கட்டாயப்படுத்தினா வெறுத்துடுவார். முதல்ல வீட்டுக்குள்ள, டிவி ஆஃப் பண்ணிட்டு, ஒருத்தர் மட்டும் எதிர்ல உக்காந்து ஒரு மணி ரெண்டு மணி நேரம் பேசுங்க. அப்புறம் நேரத்தைக் கூட்டிக்கிட்டே போங்க, அப்புறம் டிவி, அப்புறம் ரெண்டு மூணு பேர் இருக்கிற இடம். கல்யாண மண்டபமும் மார்க்கெட்டும் கடைசியில, அங்க நல்ல காது இருக்கிறவங்களுக்கே கஷ்டம்.

இன்னொண்ணு, மெஷின் வாங்குன அன்னைக்கு ஆடியாலஜிஸ்ட் (காது கேக்குற திறனைச் சோதிச்சு மெஷின் செட் பண்றவர்) கம்ப்யூட்டர்ல வச்சுக் குடுத்த செட்டிங் ஒரு தொடக்கம்தான், அதைத் திரும்பத் திரும்ப சரி பண்ணித்தான் ஆகணும். எந்த சத்தம் குத்துது, எந்த இடத்துல புரியல, தன் குரல் குடத்துக்குள்ள பேசுற மாதிரி இருக்கான்னு ஒரு சீட்டுல எழுதி எடுத்துட்டுப் போங்க. பாத்திர சத்தம் குத்துதுன்னா உச்ச அளவை மட்டும் தனியா குறைக்கலாம், குரல் எதிரொலிச்சா மோல்டுல, அதாவது காதுத் துவாரத்துக்குள்ள உக்காருற அச்சுல, இருக்கிற காத்து ஓட்டையைப் பெரிசு பண்ணி ஓரளவு சரி பண்ணலாம். "சரியில்ல"ன்னு மொட்டையா சொன்னா அவங்களால ஒண்ணும் பண்ண முடியாது.

வீட்டுல இருக்கிறவங்களும் கொஞ்சம் மாறணும்மா. அடுப்படியில இருந்துக்கிட்டு "அப்பா சாப்பிட வாங்க"ன்னு கத்துனா எந்த மெஷினும் உதவாது. பக்கத்துல வந்து, முகம் தெரியுற மாதிரி நின்னு, கத்தாம, சாதாரணமா கொஞ்சம் நிதானமா பேசுங்க. கத்துனா வார்த்தை இன்னும் குலைஞ்சுதான் போகும்.

எங்க ஊர்ல கசகசன்னு வேர்வை. செல் போட்ட நாலஞ்சு நாள்லயே தீர்ந்துடுது, சில நேரம் மெஷின் விட்டு விட்டுக் கேக்குது. என்ன செய்ய?
- வாசகர், ராமநாதபுரம்

ரெண்டும் தனித்தனி விஷயம், ஒண்ணு செல், இன்னொண்ணு வேர்வை.

செல்லை எடுத்துக்குங்க. இது ஜிங்க் ஏர் செல், காத்து உள்ள போனாத்தான் கரண்ட் வரும். ஸ்டிக்கரை உரிச்சீங்கன்னா அடியில ஊசிமுனை மாதிரி ஓட்டை தெரியும், காத்து போறது அது வழியாத்தான். அதனால ஸ்டிக்கரை உரிச்ச உடனே மெஷின்ல போட்டு மூடாதீங்க, மேல பாக்க வச்சு ரெண்டு மூணு நிமிஷம் விடுங்க, அப்புறம் போடுங்க. அவசரமா போட்டு மூடினா முழு பலம் வராது, "புது செல்லே வேலை செய்யல"ன்னு தூக்கிப் போடுறவங்க நிறைய பேர். ஒரு தடவை உரிச்சுட்டா செல் தேய ஆரம்பிச்சுடும், மெஷினைப் போட்டாலும் போடாட்டியும், திரும்ப ஸ்டிக்கரை ஒட்டி வைக்கிறதுல பெரிசா லாபம் இல்ல. எண்ணெய்க் கையோட தொட்டா ஓட்டை அடைச்சுக்கும். ஃபிரிட்ஜ்ல வைக்காதீங்க, சில்லறைக் காசோட பர்ஸ்ல போடாதீங்க.

ஆரஞ்சு ஸ்டிக்கர்னா 13 நம்பர், நீலம்னா 675, பழுப்புன்னா 312. கடையில கலரைச் சொன்னாலே எடுத்துக் குடுப்பாங்க. 13 நம்பர் பொதுவா ஒரு வாரத்துல இருந்து ரெண்டு வாரம் வரும், 675 அதைவிடக் கொஞ்சம் கூட வரும், பவர் அதிகமா வச்சிருந்தா குறையும். நாலு நாள்ல தீருதுன்னா முதல்ல பாக்க வேண்டியது ராத்திரி செல் கதவைத் திறந்து வைக்கிறீங்களான்னுதான். கழட்டி அப்படியே மேஜையில வச்சா விடிய விடிய ஓடிக்கிட்டே இருக்கும். அட்டையில காலாவதி தேதியும் பாருங்க, ஆறு மாசத்துக்கான செல்லை ஒட்டுமொத்தமா வாங்கி அடுக்காதீங்க.

இனி வேர்வை. ராத்திரி கழட்டினதும் பஞ்சுத்துணியால, ஈரத்துணி இல்ல, காஞ்ச துணியால துடைங்க. முக்கியமா மைக் ஓட்டை இருக்கிற மேல்பக்கம், அப்புறம் காது மேல மாட்டுற கொக்கி சேருற இடம். செல்லைக் கழட்டி தனியா வச்சுட்டு, கதவைத் திறந்த மாதிரியே மெஷினை சிலிக்கா ஜெல் (ஈரத்தை இழுக்குற சின்னக் குண்டுகள்) டப்பாவுல போட்டு மூடிடுங்க. செல்லையும் சேத்துப் போட்டா அதுவும் காஞ்சு போய் ஆயுசு குறையும். நீலக் குண்டு ரோஸ் கலருக்கு மாறிட்டா, ஆரஞ்சுக் குண்டு பச்சையா போயிட்டா, அதுக்கு மேல ஈரம் இழுக்காது, மாத்திடுங்க. அரிசி டப்பாவுல புதைச்சு வைக்கிற பழக்கம் பல வீட்ல இருக்கு, தயவுசெஞ்சு வேணாம், அரிசி மாவுத் தூசி மைக் ஓட்டையில போய் உக்காந்துக்கும். வெயில்ல காய வைக்கிறது, ஹேர் டிரையர் அடிக்கிறது ரெண்டுமே மெஷினைக் கெடுக்கும். காலையில மாட்டுறதுக்கு முன்னாடி டியூப்பை வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க, உள்ள ஒரு சொட்டுத் தண்ணி நின்னா அதுவே சத்தத்தை அடைக்கும், விட்டு விட்டுக் கேக்குறதுக்கு அதுதான் காரணமா இருக்கலாம். டியூப்பைக் கொக்கியில இருந்து கழட்டி ரப்பர் பல்பால ரெண்டு தடவை ஊதினா போயிடும். வாயால ஊதாதீங்க, வாய்க் காத்துல ஈரம் இருக்கு.

மெஷின் கீன்னு விசில் அடிக்குது. பேரன் கட்டிப் பிடிச்சாலே அடிக்குது. வெளிய போகவே கூச்சமா இருக்கு.
- வாசகி, கும்பகோணம்

கட்டிப் பிடிக்கிறப்ப, காதுகிட்ட கையோ போர்வையோ வரப்ப லேசா அடிக்கிறது இயல்பு, அதுக்காகப் பேரனைத் தள்ளி நிறுத்தாதீங்க. சும்மா உக்காந்திருக்கும்போதும் அடிச்சா, உள்ள போற சத்தம் எங்கயோ கசிஞ்சு திரும்ப மைக்குக்குப் போகுதுன்னு அர்த்தம்.

எங்க கசியுதுன்னு வீட்டுலயே பாக்கலாம். மெஷினைக் கழட்டி ஆன்ல வச்சுக்கிட்டு, மோல்டுல சத்தம் வர்ற ஓட்டையை விரலால இறுக்கி மூடுங்க, காத்து ஓட்டை தனியா இருந்தா அதையும் சேத்து. விசில் நின்னுட்டா மெஷினும் டியூப்பும் சரி, காதுல மோல்டு உக்காருறதுலதான் கோளாறு. நிக்கலைன்னா டியூப்புல கீறல், இல்ல கொக்கி லூஸ், இல்ல மெஷின் உள்ளயே ஏதோ.

மோல்டு சரியா உக்காரலைன்னா, மாட்டுற முறையை ஒரு தடவை பாருங்க. செல் கதவைத் திறந்து வச்சுட்டு மோல்டை மட்டும் பிடிங்க, காதுத் துவாரத்துக்குள்ள போற மூக்கு பாகத்தை முதல்ல விடுங்க, அப்புறம் லேசா பின்னாடி திருப்பி மேல் நுனியைக் காது மடிப்புக்குள்ள செருகுங்க, பலரும் விடுறது இந்த மேல் நுனியைத்தான். அப்புறமா மெஷினைக் காதுக்குப் பின்னாடி தூக்கி வச்சு கதவை மூடுங்க. சிவப்புப் புள்ளி வலது, நீலப் புள்ளி இடது.

அப்படியும் அடிச்சா காதுல குறும்பி அடைச்சிருக்கான்னு ஈஎன்டி டாக்டர்கிட்ட பாருங்க. பட்ஸ் வேணாம், அது குறும்பியை உள்ளதான் தள்ளும். டியூப் மஞ்சளாகி விறைப்பா ஆயிடுச்சுன்னா அது மோல்டை வெளிய இழுத்துக்கிட்டே இருக்கும், மூணுல இருந்து ஆறு மாசத்துக்கு ஒரு தடவை டியூப் மாத்தணும், சின்ன செலவுதான். உடம்பு இளைச்சாலும் மோல்டு தொளதொளன்னு ஆகும், அப்ப புது அளவு எடுக்கணும். விசில் அடிக்குதேன்னு வால்யூமைக் குறைச்சே வச்சுக்கிட்டா மெஷின் போட்டும் பிரயோஜனம் இல்லம்மா.

மோல்டைக் கழுவலாமா? வாராவாரம் எண்ணெய் தேச்சுக் குளிக்கிற பழக்கம் வேற.
- வாசகர், திருநெல்வேலி

கழுவலாம், ஆனா மோல்டை மட்டும். ஒரு கையில கொக்கி, ஒரு கையில டியூப் பிடிச்சு லேசா திருகி இழுத்தா கழண்டுக்கும், மோல்டு பக்கம் டியூப்பை இழுக்காதீங்க, அங்க ஒட்டியிருக்கும். வெதுவெதுப்பான தண்ணி, துளி சோப்பு, ஸ்பிரிட் கூடாது. ராத்திரி கழுவி ஊதி வச்சா காலையில காஞ்சிருக்கும். மெல்லிசு வயர் காதுக்குள்ள போற மாதிரி மாடல்னா தண்ணியே ஆகாது, அதுல ஸ்பீக்கரே அந்த நுனியிலதான் இருக்கு.

எண்ணெய் தேய்க்கிற அன்னைக்கு மெஷினைத் தொடுறதுக்கு முன்னாடி கை, காது மடல், முடி எல்லாம் நல்லா காஞ்சிருக்கணும். தலைக்கு பவுடர், ஸ்பிரே, டை போடறதெல்லாம் முடிச்சுட்டுதான் மாட்டணும். எம்ஆர்ஐ ஸ்கேன் அறைக்குள்ள கண்டிப்பா போட்டுட்டுப் போகக் கூடாது.

மகளுக்கு மூணு வயசு, ரெண்டு காதுலயும் மெஷின். அவளுக்குச் சொல்லத் தெரியாதே, மெஷின் வேலை செய்யுதான்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?
- ஒரு அம்மா, ஈரோடு

நல்ல கேள்விம்மா, இதைக் கேக்காம விட்ட வீடுகள்ல பிள்ளை நாள்கணக்கா செத்த செல்லோட சுத்திக்கிட்டு இருக்கும். தினம் காலையில மாட்டுறதுக்கு முன்னாடி, டாக்டர் ஸ்டெத் மாதிரி ஒரு குழாய் ஆடியாலஜிஸ்ட்கிட்ட கிடைக்கும், அதுல மெஷினைச் சொருகி நீங்களே கேளுங்க, கரகரப்பு, விட்டுப்போறது எல்லாம் உடனே தெரியும். மாட்டினப்புறம் பிள்ளைக்கு உங்க வாய் தெரியாத மாதிரி பின்னாடி நின்னு ஆ, ஈ, ஊ, ம், ஸ், ஷ் இந்த ஆறையும் ஒவ்வொண்ணா சொல்லுங்க. ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு மணியைக் கிண்ணத்துல போடுன்னு விளையாட்டாக்கிடலாம். கனமான சத்தத்துல இருந்து மெல்லிய சத்தம் வரைக்கும் பேச்சுல வர்ற எல்லாம் இந்த ஆறுக்குள்ள அடங்கும். நேத்து வரை ஸ்-க்கு திரும்பினவ இன்னைக்குத் திரும்பலைன்னா ஏதோ மாறியிருக்கு, செல், மோல்டு, இல்ல சளி பிடிச்சுக் காது அடைச்சிருக்கு.

காது வளர்ற வயசு, அதனால மோல்டு சில மாசத்துக்கு ஒரு தடவை மாத்த வேண்டி வரும். செல் கதவுக்குப் பூட்டு உண்டு, கேட்டுப் போட்டுக்குங்க. பிள்ளை செல்லை முழுங்கிட்டா, மூக்குல போட்டுக்கிட்டா, வாந்தி எடுக்க வைக்காதீங்க, அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. மெஷின் போட்டும் பேச்சுக்கு போதுமான அளவு கேக்கலைன்னா காக்ளியர் இம்பிளான்ட் (ஆபரேஷன் பண்ணி உள்காதுல வைக்கிற கருவி) பத்திக் கேளுங்க, ஆறு வயசுக்குள்ள பிள்ளைகளுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல செய்யுறாங்க, தள்ளிப்போடாதீங்க.

போன் பேசினா ஒண்ணும் கேக்கல.
- வாசகர், ஆம்பூர்

போனைக் காதுத் துவாரத்துல வைக்கிறீங்க. மெஷினோட மைக் காதுக்குப் பின்னாடி, மேல்பக்கத்துல இருக்கு, போன் ஸ்பீக்கரை அங்க கொஞ்சம் சாய்ச்சு, ஒட்டாம பிடிங்க. ஸ்பீக்கர்ல போட்டுப் பேசுறதும் நல்லதுதான்.

ஆன்லைன்ல ரெண்டாயிரத்துக்குள்ள கிடைக்குதே, அது போதாதா? கவர்மென்ட்ல இலவசமா கிடைக்குமா?
- வாசகர், தர்மபுரி

அந்த விலையில வர்றது பெரும்பாலும் எல்லா சத்தத்தையும் ஒரே அளவுல பெருக்குற கருவி. உங்களுக்கு எந்த சத்தம் எவ்வளவு குறைஞ்சிருக்குன்னு ஆடியோகிராம்ங்கிற கேட்கும் திறன் சோதனை எடுத்து, அதுக்கேத்த மாதிரி செட் பண்றதுதான் மெஷின்.

அரசு வழியா கிடைக்கும். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி ரெண்டு காதுலயும் கேட்கும் திறன் 60 டெசிபல் அல்லது அதுக்கு மேல குறைஞ்சிருந்தா அது செவித்திறன் குறைபாடுன்னு கணக்குல வரும். அரசு ஆஸ்பத்திரியில ஈஎன்டி பிரிவுல பரிசோதனை பண்ணி சான்றிதழ் வாங்கிக்கிட்டு, உங்க மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துல ஆதார், ரேஷன் கார்டு, போட்டோவோட மனு குடுங்க, காதுக்குப் பின்னாடி மாட்டுற மெஷின் இலவசமா தர்ற திட்டம் இருக்கு. வாங்கினதும் மோல்டு அளவு எடுத்துப் போடச் சொல்லுங்க, அது இல்லாம எடுத்துட்டு வந்தா விசில்தான் அடிக்கும்.

ரெண்டு நாளா வலது காது மட்டும் சுத்தமா கேக்கல, உள்ள ஙொய்னு சத்தம். எந்த மெஷின் வாங்கலாம்?
- வாசகர், சேலம்

ஐயா, உங்களுக்கு உடனே போன் பண்ணிச் சொல்லிட்டோம், மத்தவங்களுக்காக இங்கயும் போடுறோம். திடீர்னு ஒரு காது போனா அது மெஷின் விஷயமே இல்ல, அவசர வைத்தியம். குறும்பி அடைப்பாவும் இருக்கலாம், நரம்புக் கோளாறாவும் இருக்கலாம், பாத்தாத்தான் தெரியும். நரம்புன்னா ஸ்டீராய்டு மருந்து எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறாங்களோ அவ்வளவு வாய்ப்பு, ரெண்டு வாரம் தாண்டிட்டா பலன் ரொம்பக் குறைஞ்சுடும். எண்ணெய் காய்ச்சி ஊத்திப் பாக்குறது, சளி இறங்கட்டும்னு காத்திருக்கிறது ரெண்டும் வேணாம். அன்னைக்கே ஈஎன்டி டாக்டர்கிட்ட போங்க, சீட்டு எழுதும்போதே "இந்தத் தேதியில இருந்து திடீர்னு ஒரு காது கேக்கல"ன்னு சொல்லுங்க, சுகர் இருந்தா அதையும் சேத்துச் சொல்லுங்க, ஏன்னா ஸ்டீராய்டு சுகரை ஏத்தும்.