அப்பாவுக்கு வராத அம்மை

கேள்வி: என் நான்கு வயது மகள் ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பக்கத்து வீட்டுப் பையனோடு விளையாடினாள். மறுநாளே அவனுக்குச் சின்னம்மை கண்டுவிட்டது. இவளுக்குத் தடுப்பூசி போடவில்லை. சின்ன வயதிலேயே வந்து போனால் நல்லது என்கிறார் மாமியார். எனக்குச் சிறுவயதில் வந்துவிட்டது. கணவருக்கு இதுவரை வந்ததே இல்லை, அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். ஏழு மாதக் கைக்குழந்தையும் இருக்கிறது. மகளுக்கு இப்போது ஊசி போடலாமா?

பதில்: போட்டிருக்க வேண்டும், அன்றைக்கே. தொற்று பட்ட மூன்று நாளுக்குள், அதிகம் போனால் ஐந்து நாளுக்குள் போட்டால் நோய் வராமலே போகலாம். வந்தாலும் லேசாகப் போய்விடும். எனக்குக் கடிதம் எழுதிய நேரத்தில் டாக்டரைப் பார்த்திருக்கலாம். இதை நீங்கள் படிக்கும்போது அந்த நாட்கள் கடந்திருக்கும். மகளுக்கு அம்மை வராவிட்டால் இனியாவது இரண்டு தவணையும் போட்டுவிடுங்கள். மாமியார் நினைப்பதுபோல அது வந்து போகிற நோயும் இல்லை. கிருமி நரம்பில் தங்கி, வயதான பிறகு அக்கியாகக் கிளம்பலாம்.

எனக்குக் கோபம் உங்கள் கணவர் மேல்தான். இத்தனை வயதுவரை வராததில் என்ன பெருமை? இதுவரை அந்தக் கிருமி அவரிடம் வந்து சேரவில்லை, அவ்வளவே. பெரியவர்களுக்கு வந்தால் குழந்தைகளைவிடக் கடுமையாகத் தாக்கும், நுரையீரல் வரைகூடப் போகலாம். அதைவிட முக்கியம், கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே அவரிடமிருந்து பரவத் தொடங்கிவிடும். வீட்டுக்கு வந்ததும் குழந்தையைத் தூக்கிக் கன்னத்தோடு கன்னம் வைத்துக் கொஞ்சுவாரே, அப்போது அவருக்கே தெரியாது. ஏழு மாதக் குழந்தைக்கு இந்த ஊசி போட முடியாது. சுற்றி இருக்கிற பெரியவர்கள் போட்டுக்கொள்வதுதான் அதற்குப் பாதுகாப்பு. அதைச் செய்யாமல் ‘எனக்கு எதுவும் வராது’ என்று திரிகிற அப்பாவை நான் பொறுப்பானவர் என்று சொல்ல மாட்டேன்.

இந்தத் தடுப்பூசியை 1974-ல் உருவாக்கியவர் ஜப்பானிய மருத்துவர் மிச்சியாக்கி தக்காஹாஷி. தன் மூன்று வயது மகன் சின்னம்மையில் பட்ட பாட்டைப் பார்த்துத்தான் அந்த ஆராய்ச்சியில் இறங்கினார். ஒரு அப்பா அவ்வளவு செய்திருக்கிறார். உங்கள் கணவர் கையை நீட்டினால் போதும். முன்பு தெரியாமல் லேசாக வந்து போயிருக்குமோ என்று சந்தேகமிருந்தால் ரத்தப் பரிசோதனை இருக்கிறது. இல்லையென்றால் நான்கு வார இடைவெளியில் இரண்டு ஊசி.

இனி, அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து 21 நாள் கவனமாக இருங்கள். மகளுக்குக் கொப்புளம் கண்டால், எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை வெளியே அனுப்பாதீர்கள். நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள், உங்களுக்குத்தான் ஏற்கெனவே வந்திருக்கிறது. காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் கூடவே கூடாது. கணவருக்கு முதல் கொப்புளம் தெரிந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும்; கிருமியை அடக்கும் மாத்திரை முதல் 24 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். கைக்குழந்தைக்கு ஒரே ஒரு கொப்புளம் தெரிந்தாலும் தாமதிக்காதீர்கள். கிளம்பும் முன் போன் செய்து சொல்லிவிடுங்கள். அங்கே கர்ப்பிணிகள் உட்கார்ந்திருப்பார்கள்.