ஆயில் குறைந்ததாலா பிஸ்டன் பிடித்தது?

கேள்வி: சைக்கிளில் ‘80 சிசி’ டூ-ஸ்ட்ரோக் கிட் மாட்டினேன். வேகத்துக்காகப் போர்ட்டை (சிலிண்டர் சுவரில் காற்றும் புகையும் போய்வரும் துளை) அரம் போட்டுப் பெரிதாக்கினேன். 40 கிலோமீட்டரிலேயே பிஸ்டன் பிடித்துவிட்டது. புது சிலிண்டர் செட் வாங்கியாயிற்று. இந்த முறை பெட்ரோலில் ஆயிலைக் கூட்டிக் கலந்தால் போதுமா?
– அல்சூர் வாசகர், பெங்களூரு

பதில்: போதாது. ஆயிலைக் கூட்டினால் கார்ப்பரேட்டரின் சிறு துளையான ஜெட் வழியே போகும் பெட்ரோல் அந்த அளவுக்குக் குறையும். சூடு ஏறத்தான் செய்யும். முதலில் சந்தேகப்பட வேண்டியது இன்டேக் கேஸ்கெட்டை (கார்ப்பரேட்டர் குழாய் இன்ஜினோடு சேரும் இடத்தில் கசிவை அடைக்கும் தகடு). அங்கே வெளிக்காற்று புகுந்தாலும் கலவையில் பெட்ரோல் குறைந்து சூடு ஏறும். இன்ஜின் ஐடிலில் ஓடும்போது அந்த இணைப்பில் கார்ப்பரேட்டர் கிளீனர் ஸ்ப்ரேயைக் கொஞ்சமாகப் பீய்ச்சுங்கள் (சூடான சைலன்சரில் பட்டால் தீப்பிடிக்கும், கவனம்). ஓட்டம் மாறினால் காற்று அங்கேதான் புகுகிறது. கிட்டோடு வரும் காகிதக் கேஸ்கெட்டை நம்பாதீர்கள், உதிரிபாகக் கடைகள் உள்ள ஜே.சி. ரோட்டில் நல்ல கேஸ்கெட் ஷீட் வாங்கி வெட்டிக்கொள்ளலாம்.

அடுத்து அரம். இந்தச் சிலிண்டர்கள் பெரும்பாலும் அலுமினியம், உள்ளே மெல்லிய குரோம் பூச்சு. போருக்குள்ளிருந்து (பிஸ்டன் ஓடும் சிலிண்டர் உள்துளை) போர்ட்டை நோக்கித்தான் அரத்தைத் தள்ள வேண்டும். மாற்றி இழுத்தால் பூச்சு பெயர்ந்து பிஸ்டன் ரிங்கைத் தின்றுவிடும். புதுச் சிலிண்டரில் போர்ட் விளிம்பின் கூர்மையை 400ஆம் நம்பர் எமரித் தாளால் மழுக்குவதோடு நிறுத்துங்கள். ரிங்கை மட்டும் உள்ளே விட்டு, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, அதன் வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) பாருங்கள், 0.2 மி.மீ. அளவில் இருக்கட்டும்.

47 மி.மீ. போர், 38 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) என்றால் கணக்குக்கு 66 சிசிதான். அதுவும் 25 சிசியைத் தாண்டியதால் சட்டப்படி மோட்டார் வாகனம். பதிவில்லாமல் சாலைக்குக் கொண்டுவராதீர்கள், தனியார் வளாகத்துக்குள் ஓட்டுங்கள்.

ரன்னிங்-இன்னுக்கு (புது இன்ஜினைப் பழக்கும் ஓட்டம்) ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 50 மில்லி 2டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக் ஆயில்), டப்பாவில் ஜாசோ எஃப்சி என்ற தரக் குறி இருக்கட்டும். 300 கிலோமீட்டருக்குப் பிறகு 40 மில்லி. முதல் நாள் பத்து நிமிடம் ஓட்டி, கை வைக்கும் அளவுக்கு ஆறவிடுங்கள். இப்படி மூன்று முறை. நன்றாக ஆறிய பின் ஹெட் நட்டுகளைக் குறுக்குக் குறுக்காக இறுக்குங்கள். பிறகு பாதி ஆக்சிலேட்டருக்கு மேல் வேண்டாம், ஒரே வேகத்திலும் இழுக்க வேண்டாம். இறக்கத்தில் ஆக்சிலேட்டரை மூடி, இன்ஜின் பிடியில் இறங்குவது பெரிய தப்பு: பெட்ரோல் நின்றால் ஆயிலும் நின்றது. கிளட்சைப் பிடித்துவிடுங்கள்.

சென்னை நண்பர் சொல்லும் ஜெட் நம்பர் இங்கே அப்படியே பொருந்தாது. பெங்களூரு 900 மீட்டர் உயரம். காற்று மெலிவதால் கலவையில் பெட்ரோல் தூக்கலாகும். 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலோ எதிர்ப்பக்கம் இழுக்கும். ஸ்பார்க் பிளக்கைக் கேட்பதே நல்லது. பாதி ஆக்சிலேட்டரில் ஐந்து நிமிடம் ஓட்டி, சட்டென்று அணைத்து, பிளக்கைக் கழற்றுங்கள். ஃபில்டர் காப்பி நிறமா, சரி. வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு, கார்ப்பரேட்டர் ஊசியின் கிளிப்பை ஒரு காடி கீழே இறக்குங்கள். கருத்து ஈரமாக இருந்தால் பெட்ரோல் அதிகம், ஒரு காடி மேலே.