பழைய சோல் தொகுப்புகளை வாங்கலாமா?

கேள்வி: மான்செஸ்டரில் வேலை பார்க்கிறேன். 'நார்தர்ன் சோல்', அதாவது வட இங்கிலாந்து நடனக் கூடங்களில் ஆடப்பட்ட அறுபதுகளின் அமெரிக்கக் கறுப்பினப் பாட்டுகள் என்றால் எனக்கு உயிர். பக்கத்துக்கு ஒரே பாட்டு உள்ள 'சிங்கிள்' இசைத்தட்டுகளின் விலை கைக்கு எட்டவில்லை. பழைய பொருள்களை விற்கும் சாரிட்டி கடைகளில், பலர் பாட்டுகளைச் சேர்த்த தொகுப்பு எல்.பி.க்கள் (பெரிய தட்டுகள்) 2, 3 பவுண்டுக்குக் கிடைக்கின்றன. அதையெல்லாம் சேகரிப்பு என்று சொல்ல முடியாது என்கிறான் நண்பன். வாங்கலாமா?

பதில்: தாராளமாக வாங்குங்கள். ஃபிராங்க் வில்சன் 1965-ல் அமெரிக்காவின் மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்துக்காகப் பாடிய ஒரு சிங்கிள் 2009-ல் 25,000 பவுண்டுக்கு மேல் விலைபோனது. அந்தப் பந்தயம் நமக்கு எதற்கு? உங்களுக்கு வேண்டியது பாட்டும் ஆட்டமும்தானே!

வட இங்கிலாந்தின் விகன் ஊரில், 'விகன் கசினோ' என்ற நடனக் கூடத்தில் விடிய விடிய நடந்த ஆட்டம் 1981-ல் முடிந்துபோனது. அடுத்த ஆண்டே லண்டனில் ஏஸ் நிறுவனம் கென்ட் என்ற இசைத்தட்டு லேபிளைத் தொடங்கி, 'ஃபார் டான்சர்ஸ் ஒன்லி' என்ற தொகுப்பை வெளியிட்டது. பாட்டுகளைத் தேர்ந்தெடுத்த ஏடி க்ரோஸ்டெல், லண்டனில் '100 கிளப்' என்ற இடத்தில் இதே மாதிரி இரவுகளை நடத்தி வந்தவர். எந்தப் பாட்டுக்குக் கூட்டம் எழுந்து ஆடும் என்பதை நேரில் பார்த்தவர். அந்த அனுபவத்தைத்தான் நீங்கள் காசு கொடுத்து வாங்குகிறீர்கள். கென்ட் தட்டு கண்ணில் பட்டால் விடாதீர்கள். 1969-ல் வந்த 'மோட்டவுன் சார்ட்பஸ்டர்ஸ்' மூன்றாம் தொகுதியும் நல்ல தொடக்கம். அதன் வெள்ளி நிற உறை தூரத்திலிருந்தே தெரியும். ஒரே தட்டில் 20 பாட்டுக்கு மேல் திணித்த மலிவுத் தொகுப்புகளை மட்டும் நான் தொடமாட்டேன். ஊசி ஓடும் பள்ளங்களை நெருக்கி வெட்டுவதால் சத்தம் மெலிந்துவிடும். சில பாட்டுகளைப் பாதியில் நறுக்கியும் இருப்பார்கள்.

தொகுப்பு தேய்வதில் ஒரு விசேஷம் உண்டு. விருந்து வீட்டில் எல்லோரும் கேட்டது ஒன்றிரண்டு பாட்டைத்தான். கனமான பழைய ஊசி அதே இடத்தில் திரும்பத் திரும்ப ஓடியிருக்கும். தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள். மற்ற இடமெல்லாம் கறுப்பாக மின்ன, ஒரு பாட்டின் வட்டம் மட்டும் சாம்பல் பூத்திருந்தால் அந்தப் பாட்டு கரகரக்கும். அது கழுவினாலும் போகாது. நீங்கள் தேடும் பாட்டே அதுவென்றால் வைத்துவிட்டு வாருங்கள். கீறலை நகத்தால் மெல்லத் தடவுங்கள். நகம் தட்டினால் ஊசியும் தட்டும். நடுத்துளையைச் சுற்றி லேபிளில் நிறைய உரசல் இருந்தால், நன்றாக ஓடிய தட்டு என்று அர்த்தம்.

கடையில் போட்டுப் பார்க்க விட்டால், ஒவ்வொரு பக்கத்திலும் கடைசிப் பாட்டைக் கேளுங்கள். லேபிளை நெருங்க நெருங்க ஒலி சிதைவது அதிகம். அது தெளிவாக இருந்தால் யோசிக்காமல் பணத்தைக் கொடுங்கள்.