எனாமல் போர்டு முதல் டைப்ரைட்டர் வரை: வாசகர் கேள்வி – பதில்

ஒரு தனியார் ஆயுள் இன்சூரன்ஸ் கம்பெனியின் எனாமல் போர்டு விலைக்கு வந்திருக்கிறது. ஒரு அடிக்கு இரண்டு அடி. 1940-களைச் சேர்ந்தது என்கிறார்கள். நிஜமா, போலியா என்று எப்படிப் பார்ப்பது?
– வாசகர், காரைக்குடி

முதலில் கையில் தூக்கிப் பாருங்கள். எனாமல் என்பது பெயின்ட் அல்ல. கண்ணாடித் தூளை இரும்புத் தகட்டின்மேல் பூசி, சுமார் 800 டிகிரி செல்சியஸ் சூட்டில் உருக்கி ஒட்டவைப்பது. தகடு ஒரு மில்லிமீட்டர் கனம் என்றால், நீங்கள் சொல்லும் அளவுக்கு இரும்பு மட்டுமே ஒன்றரைக் கிலோவை நெருங்கும். பிஸ்கட் டின் மாதிரி லேசாக வளைந்தால் அது அச்சடித்த தகரம். ஒவ்வொரு நிறமும் தனித்தனியாகச் சுடப்பட்டிருக்கும். அதனால் எழுத்தின் ஓரத்தில் நகத்தை ஓட்டினால் சின்ன மேடு தட்டுப்படும். பின்பக்கத்தையும் பாருங்கள், அங்கும் எனாமல் இருக்கும். ஒரு பக்கம் மட்டும் பூசிச் சுட்டால் தகடு கோணிக்கொள்ளும்.

இதெல்லாம் சரியாக இருந்தாலும் பழசு என்று முடிவுகட்ட வேண்டாம். நிஜ எனாமலிலேயே போலிகளும் வருகின்றன. அவற்றைக் காட்டிக்கொடுப்பது துரு. கண்ணாடியில் துரு பிடிக்காது. எனாமல் உதிர்ந்த இடம், ஆணித் துளை, விளிம்பு, இங்கேதான் தொடங்கும். உடையாத பளபளப்பின்மேல் திட்டுத்திட்டாகக் காவிக் கறை இருந்தால் யாரோ வேலை செய்திருக்கிறார்கள். துளையைச் சுற்றி ஆணித்தலை அழுத்திய தடமும் இருக்க வேண்டும். சுவரையே பார்க்காத போர்டுக்கு அது வராது.

பிறகு போர்டில் இருப்பதை வரி விடாமல் படியுங்கள். பலரும் செய்யாதது இதைத்தான். 1956-ல் ஆயுள் இன்சூரன்ஸ் நாட்டுடைமையாகி எல்.ஐ.சி. வந்தது. தனியார் கம்பெனிகள் திரும்ப வந்தது 2000-ல். பின்கோடு அறிமுகமானது 1972-ல். ஆகவே உங்கள் போர்டின் முகவரியில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் பேரமே பேச வேண்டாம், திரும்பி வந்துவிடுங்கள். பிரீமியத்தை அணாக் கணக்கில் போட்டிருந்தால் நல்ல சேதி. நயா பைசா வந்தது 1957 ஏப்ரலில்.

எனாமல் போர்டில் உள்ள துருவைப் புளி போட்டுத் தேய்க்கலாமா?
– வாசகி, நாகர்கோவில்

பித்தளைக் குத்துவிளக்குக்குப் புளி சரி, இதற்குக் கூடாது. புளி, எலுமிச்சை, கழிவறை ஆசிட் எல்லாமே எனாமலின் பளபளப்பை மங்கவைக்கும். விரிசலுக்குள் இறங்கிய ஆசிட் அடியிலிருந்து துருவை வளர்க்கும். வெதுவெதுப்பான தண்ணீர், சில சொட்டு பாத்திரம் கழுவும் திரவம், மெல்லிய பருத்தித் துணி போதும். உதிர்ந்த இடத்தில் பொடியாக நிற்கும் துருவை மட்டும் பழைய டூத் பிரஷ்ஷால் தட்டிவிட்டு, மின்விசிறிக்கு அடியில் ஒரு நாள் உலரவிட்டு, நிறமில்லாத பர்னிச்சர் மெழுகை மெல்லிசாகப் பூசுங்கள். போன எழுத்தைப் பெயின்ட்டால் நிரப்பினால் விலை இறங்கும்.

மாட்டும்போது ஸ்குரூவுக்கும் போர்டுக்கும் நடுவே ரப்பர் வாஷர் வையுங்கள். முறுக்கி இறுக்க வேண்டாம்: இரும்பு வளைந்து கொடுக்கும், கண்ணாடி கொடுக்காது, துளையைச் சுற்றிச் சில்லுச் சில்லாகப் பெயர்ந்துவிடும். உங்கள் ஊர் உப்புக் காற்றுக்கு வெளிச்சுவர் வேண்டவே வேண்டாம்.

கோடு கோடான எழுத்துகளில் ஐ.பி.எம். என்று உள்ள போர்டை ‘1950-களின் அசல்’ என்று விற்கிறார்கள். வாங்கலாமா?
– வாசகர், கோவை

அந்தத் தேதிக்கு வாங்காதீர்கள். வடிவமைப்பாளர் பால் ராண்ட் 1956-ல் செய்த சின்னத்தில் எழுத்துகள் கோடில்லாமல் முழுசாக இருந்தன. கோடு போட்ட வடிவம் 1972-ல் வந்தது. ஐ.பி.எம். 1978-ல் இந்தியாவை விட்டுப் போய், 1990-களில் டாடாவுடன் கூட்டாகத் திரும்பி வந்தது. ஆகவே இங்கே ஏதோ ஆபீசில் மாட்டியிருந்த கோட்டுச் சின்னம் என்றால் ஒன்று அந்த ஆறு வருஷத்துக்குள் வந்திருக்க வேண்டும், இல்லையென்றால் நேற்றைய சரக்கு.

பழைய தமிழ் டைப்ரைட்டரில் எழுத்துக் கம்பிகள் மேலே போனால் இறங்க மறுக்கின்றன. எண்ணெய் விட்டும் சரியாகவில்லை.
– வாசகர், திருச்சி

எண்ணெய்தான் வினையே. கம்பிகள் உட்காரும் பிளவுகளில் எண்ணெயும் தூசியும் சேர்ந்து பசையாகிவிடும். டர்பன்டைனில் தோய்த்த டூத் பிரஷ்ஷால் பிளவுகளைத் தேய்த்து, ஒவ்வொரு சாவியையும் இருபது முப்பது தடவை தட்டுங்கள். கறுப்புக் கசடு வருவது நிற்கும்வரை துடைத்துத் துடைத்துச் செய்ய வேண்டும். ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் அடுப்போ ஊதுபத்தியோ கூடாது. உலர்ந்தபின் பிளவுகளுக்கு எண்ணெய் எதுவும் வேண்டாம். தாளைச் சுமந்து பக்கவாட்டில் நகரும் பகுதியான கேரேஜ் ஓடும் தண்டவாளத்துக்கு மட்டும் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. கம்பெனிப் பெயரின் தங்க எழுத்துகள்மேல் ஸ்பிரிட் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கரைந்துவிடும்.

பெரும்பாலான மெஷின்களுக்கு அரை அங்குல ரிப்பன்தான். புதுசு மாட்டினாலும் பழைய இரும்பு ஸ்பூலைத் தூக்கிப்போடாதீர்கள். இன்னொன்று: தமிழ் மெஷினில் புள்ளிச் சாவியைத் தட்டினால் கேரேஜ் நகரக் கூடாது, அதன்மேல் அடுத்த எழுத்து விழ வேண்டும். நகர்ந்தால் கோளாறு பிளவில் இல்லை, கேரேஜை நகர்த்தும் பல்சக்கரப் பகுதியில் இருக்கிறது. அதை நீங்களாகப் பிரிக்காமல் மெக்கானிக்கிடம் கொடுங்கள்.