பண்ணைக்குட்டையில் எந்த வெப்பத்தைக் குறித்து வைப்பது?

கேள்வி: கோபிசெட்டிபாளையம் அருகே எட்டடி ஆழப் பண்ணைக்குட்டையில் கட்லாவும் ரோகுவும் வளர்த்து வருகிறேன். அமெரிக்க ஆறுகளில் சால்மன் மீனுக்காகத் தண்ணீரின் வெப்பத்தை இடைவிடாமல் அளக்கிறார்களாம். நானும் அளக்க வேண்டுமா?

பதில்: அவசியம் அளக்கலாம், ஆனால் அவர்கள் பார்ப்பது வேறு, தாங்கள் பார்க்க வேண்டியது வேறு. சால்மன் குளிர்நீர் மீன். கடலிலிருந்து ஆறேறி முட்டையிடச் செல்லும் நாட்களில் அது இரை எடுக்காது என்பதால், தண்ணீர் சூடேறினால் உடம்பில் சேர்த்த கொழுப்பு விரைவில் தீர்ந்து, நோயும் எளிதில் தொற்றிக்கொள்கிறது. அமெரிக்காவின் கொலம்பியா ஆற்றில் 20 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே கவலைதான். 2015 கோடையில் அந்த ஆற்றமைப்பில் சாக்கை என்னும் சால்மன் வகையில் சுமார் 2.5 லட்சம் மீன்கள் மடிந்தன.

கட்லாவுக்கும் ரோகுவுக்கும் 30 டிகிரி என்பது இதமான வெப்பமே. இங்கே வெப்பம் நேரடியாகக் கொல்வது அரிது, மூச்சுத்திணறலே கொல்கிறது. 20 டிகிரி நீர் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 30 டிகிரியில் அது 7.5 ஆகக் குறைகிறது. அதைவிட ஆபத்தானது, சூடான மேல்நீர் குளிர்ந்த அடிநீரோடு கலக்காமல் நிற்பது. அடியில் சேறும் தின்னாத தீவனமும் அழுகி ஆக்சிஜன் தீர்ந்திருக்க, திடீரென ஒரு கோடை மழை பெய்து, அடிநீர் மேல்நீரோடு கலந்து குட்டை மொத்தமாகப் புரண்டால், மறுநாள் விடியலில் மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கும்.

எனவே மேல்நீருக்கும் அடிநீருக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தைக் குறித்து வையுங்கள். கல் கட்டிய பாட்டிலை மூடியோடு அடிக்கு இறக்கி, இன்னொரு கயிற்றால் மூடியைப் பிடுங்கி நீர் மொண்டு, தூக்கியவுடன் அதற்குள்ளேயே வெப்பமானியை விட்டுப் பாருங்கள். வெப்பமானியை நீரிலிருந்து வெளியே எடுத்துப் பார்த்தால் அளவு மாறிவிடும். ஒரே இடத்தில், காலை ஆறு மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் அளந்தால் போதும். பிற்பகலில் வித்தியாசம் இருப்பது இயல்பு. விடியலிலும் இரண்டு, மூன்று டிகிரி நீடித்தால் குட்டை இரவிலும் கலக்கவில்லை என்று பொருள். அப்போது வெயில் உள்ள பகலிலேயே அடிநீரைச் சிறிது சிறிதாக இறைத்து மேலே தெளியுங்கள். மேகமூட்டமான நாளில் தீவனத்தை நிறுத்திவிடுங்கள். போர் (ஆழ்துளைக் கிணறு) தண்ணீர் விடுவதானால், அதில் ஆக்சிஜன் குறைவு. குழாயை நேரே குட்டைக்குள் விடாமல், உயரத்திலிருந்து சிதறி விழும்படி வையுங்கள்.