விசாவில் 2031 வரை தேதி இருக்கிறதே?

அமெரிக்காவில் அனுமதித்த நாளைத் தாண்டித் தங்குவது பற்றி வந்த கேள்விகள்.

கேள்வி: அம்மாவுக்குப் பத்து வருட பி-2 (சுற்றுலா) விசா, 2031 வரை செல்லும். அக்காவின் பிரசவத்துக்குப் போனவர் ஆறு மாதம் முடிந்து நாற்பது நாளாகியும் திரும்பவில்லை. விசாதான் இருக்கிறதே, பிரச்சினை வருமா?

பதில்: வரும். விசாவில் உள்ள தேதி, அதைக் காட்டி உள்ளே வர அனுமதி கேட்பதற்கான கடைசி நாள் மட்டுமே. உள்ளே எதுவரை இருக்கலாம் என்பதை விமான நிலைய அதிகாரி முடிவு செய்கிறார். அந்த நாள் ஐ-94 பதிவில் இருக்கும். அமெரிக்கச் சுங்க, எல்லைப் பாதுகாப்புத் துறையின் இணையதளத்தில் பாஸ்போர்ட் எண்ணும் பிறந்த தேதியும் கொடுத்து இன்றே பாருங்கள்.

நீட்டிப்பு கேட்டு விண்ணப்பிக்காமல் அந்த நாளை ஒரு நாள் தாண்டினாலும் விசா சட்டப்படி ரத்து. முத்திரை ஏதும் குத்தமாட்டார்கள், பக்கம் அப்படியே இருக்கும். அதை நம்பி அடுத்த முறை விமானம் ஏறுபவர்கள்தான் இறங்கிய இடத்திலிருந்தே திருப்பி அனுப்பப்படுகிறார்கள். புது விசாவுக்கு இனி இந்தியாவில்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

ஆனால் நாற்பது நாளுக்கு மறுநுழைவுத் தடை கிடையாது. ஐ-94 நாள் முடிந்தபின் 180 நாளைத் தாண்டி, ஒரு வருடத்துக்குள் வெளியேறினால் மூன்று ஆண்டுத் தடை. ஒரு வருடமோ அதற்கு மேலோ தங்கி வெளியேறினால் பத்து ஆண்டு. அதனால் அடுத்து கிடைக்கும் விமானத்தில் அம்மாவை அனுப்பிவையுங்கள், போர்டிங் பாஸைப் பத்திரப்படுத்துங்கள். மருத்துவமனையில் படுத்ததால் தாமதமானது என்றால் மருத்துவர் கடிதமும் வேண்டும். அடுத்த முறை டி.எஸ்-160 என்ற விசா விண்ணப்பப் படிவத்தில், அனுமதியைத் தாண்டித் தங்கியதுண்டா என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்றே எழுதுங்கள். தாமதத்துக்கு விளக்கம் சொல்லலாம். பொய் சொன்னது தெரிந்தால் வாழ்நாள் தடை வரும்.

கெடு முடியும் முன்பே ஐ-539 (நீட்டிப்பு விண்ணப்பம்) போட்டிருந்தால், அது நிலுவையில் இருக்கும் நாட்கள் இந்த 180 நாள் கணக்கில் சேரா. நிராகரித்தால் மறுநாளிலிருந்து சேரும்.

கேள்வி: எச்-1பி (வேலை விசா) ஒப்புதல் இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. ஊர் போய் வந்தபோது கொடுத்த ஐ-94 மட்டும் என் பாஸ்போர்ட் முடியும் நாளோடு நிற்கிறது. எது செல்லும்?

பதில்: கடைசியாகக் கொடுத்தது எதுவோ அதுதான். பாஸ்போர்ட் காலாவதியாகும் நாளோடு ஐ-94ஐ முடித்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. ஒப்புதல் கடிதத்தைப் பார்த்துக்கொண்டே பலர் கெடுவைத் தவறவிடுகிறார்கள். உடனே பாஸ்போர்ட்டைப் புதுப்பித்து, கெடுவுக்குள் நிறுவனத்தின் மூலம் நீட்டிப்பு கேளுங்கள், அல்லது வெளியே போய்ப் புது பாஸ்போர்ட்டுடன் திரும்புங்கள். எச்-4 விசாவில் உள்ள மனைவி, பிள்ளைகளின் ஐ-94 தனித்தனி. அவற்றையும் எடுத்துப் பாருங்கள்.

கேள்வி: தம்பி பி-2வில் போய், கெடு முடிந்து பதினான்கு மாதமாக அங்கேயே இருக்கிறான். அமெரிக்கக் குடியுரிமை உள்ள பெண்ணை மணந்திருக்கிறான். அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை. ஒரு வாரம் வந்து போகலாமா?

பதில்: உங்கள் தவிப்பு புரிகிறது. ஆனாலும் குடியேற்ற வழக்கறிஞரைப் பார்க்காமல் கிளம்ப வேண்டாம் என்றே சொல்லுங்கள். பத்து ஆண்டுத் தடை விழுவது வெளியேறும்போதுதான். முறைப்படி சோதனை முடிந்து உள்ளே வந்தவர் என்பதால், மனைவி ஐ-130 (கணவருக்கான குடும்ப மனு) போட, இவர் அங்கிருந்தபடியே ஐ-485 (கிரீன் கார்டு விண்ணப்பம்) போடலாம்; கெடு தாண்டியது மட்டும் இதற்குத் தடையில்லை. (மனைவி கிரீன் கார்டு மட்டுமே வைத்திருந்தால் இந்தச் சலுகை பொருந்தாது.) முன் அனுமதி வாங்காமல் கிளம்பினால் அந்த விண்ணப்பமும் கைவிட்டதாகிவிடும்.

ஏற்கெனவே கிளம்பி வந்துவிட்டால் மிஞ்சுவது, தடையிலிருந்து விலக்கு கேட்கும் மனு. குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ள கணவன், மனைவி, பெற்றோருக்கு இதனால் கடும் இன்னல் என்று நிரூபிக்க வேண்டும். பிள்ளைகள் படும் கஷ்டத்தை மட்டும் காட்டினால் போதாது.